முதுகுப் பரு போகமாட்டேன் என்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருந்தாலும் எங்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். எந்தப் பக்கம் மோட்டாரைத் திருப்பினாலும் பாமாயில் தரும் செம்பனைதான். இந்த ஊர் மருந்துக்கடை ஒன்றின் கவுண்டரில் 11 வருடமாக நிற்கிறேன். நான் மருந்தாளர் இல்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று பெட்டி எடுத்துக் கொடுப்பவள். ஆனால் யார் எதை வாங்கிப் போனார்கள், மறுபடி எதற்குத் திரும்பி வந்தார்கள் என்பது என் கண்ணில்தான் படும்.

முகப்பரு என்றால் ஆள் நேராகவே கேட்டுவிடுவார். முதுகுப் பருவுக்கு வருபவர் அப்படி இல்லை. முதலில் தலைவலி மாத்திரை ஒரு பட்டை, அப்புறம் கொசுவர்த்தி, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அக்கா, முதுகுக்கு ஏதாச்சும் சோப்பு இருக்கா?" என்பார். தோட்டத்தில் குலை வெட்டும் ஒரு தம்பி இப்படித்தான் வந்துகொண்டிருந்தான். எட்டு மாதத்தில் நான்கு வகை ஃபேஸ்வாஷ். நடுவில் எங்கேயோ ஆன்டிபயாடிக் மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். அதற்குப் பிறகு தோளிலிருந்து இடுப்பு வரை இறங்கிவிட்டது. ஒருநாள் மருந்தாளர் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அரிக்குதா?"

"அரிப்பில ராத்திரி தூக்கமே இல்லண்ணே."

அவனுக்கு இருந்தது பருவே இல்லை. பூஞ்சை. எட்டு மாதமும் வேறு நோய்க்கு மருந்து வாங்கியிருக்கிறான்.

அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் முதுகில் இருப்பது எது என்று தெரியாமல் என்ன வாங்கினாலும் காசுதான் கரையும்.

முதலில் ஒரு படம் எடுங்கள்

நம் முதுகு நமக்குத் தெரியாது. கைக்குத் தட்டுப்படுவதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். வீட்டில் யாரிடமாவது சொல்லி, பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கமாக நின்று முதுகையும் இரண்டு தோளையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் பாதி தெரியாது. கூச்சமாக இருந்தால் போனை அலமாரியில் சாய்த்து டைமர் வைத்து நீங்களே எடுக்கலாம். அப்புறம் படத்தை விரல்களால் பெரிதாக்கி மூன்று விஷயம் பாருங்கள். கருப்பாகவோ வெள்ளையாகவோ அடைத்துக்கொண்ட புள்ளிகள் இருக்கின்றனவா? எல்லாப் பருவும் ஒரே அளவா, பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கின்றனவா? முதுகு முழுக்கவா, ஏதாவது ஒரு கோடு பிடித்தாற்போல ஓரிடத்தில் மட்டுமா? இதோடு, அது அரிக்கிறதா வலிக்கிறதா என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கரும்புள்ளி, சீழ்ப்பரு, வலிக்கும் கட்டி எல்லாம் கலந்து இருக்கிறது

இதுதான் உண்மையான முதுகுப் பரு. முதுகிலும் தோளிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் பெரியவை, நிறையவும் உண்டு. மயிர்க்கால் துளையில் உதிர்ந்த தோல் செல்லும் எண்ணெயும் சேர்ந்து அடைப்பு விழுகிறது. அடைப்புக்குள் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது, உடம்பு அதை எதிர்க்க, இடம் சிவந்து வீங்குகிறது. அழுக்கால் வருவதில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் முதல் வைத்தியமே "நல்லாத் தேய்ச்சுக் குளி" என்பதுதான். பீர்க்கங்காய் நார், உப்பு, நைலான் வலை என்று வைத்துத் தேய்த்தால் உள்ளே இருக்கும் பரு உடைந்து பக்கத்தில் பரவும், தழும்பும் சேரும். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் இறங்கினால் தோல் வெந்து கருத்தே போகும்.

இதற்கு முதலில் கேட்க வேண்டியது பென்சாயில் பெராக்சைடு கலந்த, உடம்பு கழுவும் திரவம். 4 அல்லது 5 சதவீதத்தில் தொடங்கினால் போதும். 10 சதவீதம் வாங்கினால் இரண்டு மடங்கு வேகமாகப் போகும் என்று நினைக்காதீர்கள், எரிச்சல்தான் இரண்டு மடங்கு. இது பாக்டீரியாவைக் கொல்லும். ஆன்டிபயாடிக் மாதிரி பழகிப்போய்ப் பலன் கெடுவதும் இல்லை.

பயன்படுத்தும் விதத்தில்தான் பத்தில் ஒன்பது பேர் கோட்டை விடுகிறார்கள். தடவியதும் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். அது தோலில் 3 முதல் 5 நிமிடம் இருக்க வேண்டும். முதுகை நனைத்து, தடவிவிட்டு, தண்ணீரை அடைத்துவிட்டுப் பல் துலக்குங்கள், இல்லாவிட்டால் போட்டிருந்த சட்டையை அலசுங்கள். அப்புறம் நன்றாகக் கழுவுங்கள். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், தோல் தாங்கினால் தினமும்.

ஒரு எச்சரிக்கை. இது துணியின் சாயத்தை வெளுத்துவிடும். ஒரு அம்மா நீலத் துண்டு ஒன்றை என் கவுண்டரில் விரித்து, "இது என்ன மருந்தா, குளோரெக்ஸா?" என்று கேட்டார். துண்டில் கை கையாக ஆரஞ்சு நிறத் திட்டு. மகன் சரியாகக் கழுவாமல் துடைத்திருக்கிறான். வெள்ளைத் துண்டு, வெள்ளை பனியன், பழைய படுக்கை விரிப்பு. இந்த மூன்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

நடு முதுகுக்குக் கை எட்டவில்லை என்பது அடுத்த புகார். நுரையாக வரும் வகை என்றால் ஈரமான மெல்லிய துணியில் ஊற்றி, துண்டால் முதுகு துடைப்பது போல இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுக்கலாம். தேய்ப்பதற்கு அல்ல, மருந்து போய்ச் சேருவதற்கு மட்டும்.

கழுவும் மருந்தோடு ஒரு மாதம் ஓட்டியும் கரும்புள்ளிகள் அப்படியே இருந்தால் இரவில் பூசும் அடாபலீன் ஜெல் பற்றி மருந்தாளரிடம் கேளுங்கள். துளையடைப்பைத் திறப்பது அதன் வேலை. முதல் சில வாரம் தோல் வறண்டு உரியும், பரு கொஞ்சம் கூடுவது போலவும் தெரியும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்பவர்களும் அடாபலீன் பக்கமே போக வேண்டாம். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு 2 சதவீத சாலிசிலிக் அமிலம் இருக்கிறது, கொஞ்சம் மென்மையானது, கொஞ்சம் பலவீனமானதும்கூட.

இனி, யாருக்கும் பிடிக்காத கணக்கு. மாற்றம் தெரிய 6 முதல் 8 வாரம், சரியாகத் தீர்ப்புச் சொல்ல 12 வாரம். ஒவ்வொரு வருடமும் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, முதுகு இறக்கி ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு ஓடி வருவார்கள். மூன்று வாரத்தில் நடக்காது, தங்கச்சி. தீபாவளி ரவிக்கைக்கு ஆடி மாதத்திலேயே மருந்தைத் தொடங்க வேண்டும்.

அரிக்கிறது, எல்லாம் கடுகு அளவில் ஒரே மாதிரி இருக்கிறது

கரும்புள்ளி இல்லை, பெரிய கட்டி இல்லை, சின்னச் சின்னதாக ஒரே அச்சில் வார்த்தது போல மேல்முதுகு, தோள், மார்பு, மேல்கை என்று பரவி அரித்தால், அதுவும் வியர்த்த பிறகு கூடுதலாக அரித்தால், மலசீசியா என்ற பூஞ்சை மயிர்க்காலுக்குள் பெருகியிருக்கலாம். அந்தத் தம்பிக்கு வந்தது இதுதான். எங்கள் ஊர் மாதிரி வெக்கையும் ஈரப்பதமும் வருடம் முழுக்க இருக்கும் இடத்தில் இது சாதாரணம். ஆனாலும் எல்லோரும் பரு என்றே நினைக்கிறார்கள்.

இந்தப் பூஞ்சை எல்லோர் தோலிலும் ஏற்கெனவே இருப்பதுதான், யாரிடமிருந்தும் தொற்றியது என்று வீட்டில் சண்டை போட வேண்டாம். தேமலுக்கும் பொடுகுக்கும் பின்னால் இருப்பது இதே கூட்டம்தான். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் தோலில் இதற்குப் போட்டியாக இருந்த பாக்டீரியாக்கள் குறைந்துவிடும், பூஞ்சைக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். பருவுக்கான மாத்திரை சாப்பிட்ட பிறகு அதிகமானால் அது பெரிய துப்பு.

இன்னொரு துப்பு எண்ணெய். மலசீசியாவுக்குத் தன் கொழுப்பைத் தானே செய்துகொள்ளத் தெரியாது, தோலில் உள்ள எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது. அரிப்புக்கு இதமாக இருக்கும் என்று தேங்காய் எண்ணெயைத் தடவினால் அதற்குச் சோறு போட்ட மாதிரி.

செய்ய வேண்டியது: 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு. ஆமாம், பொடுகு ஷாம்புதான். தலைக்கு வாங்குவதை முதுகுக்குப் போடச் சொன்னால் எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஈர முதுகில் தடவி, 5 நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். தொடர்ந்து ஐந்து நாள். அரிப்பு முதலில் அடங்கும், கொப்புளம் வற்ற இன்னும் சில வாரம் ஆகும். அடங்கிய பிறகு வாரம் ஒருமுறை அதே ஷாம்பு, இல்லாவிட்டால் திரும்பி வரும். செலினியம் சல்ஃபைடு ஷாம்புவும் இதே வேலையைச் செய்யும்.

மூன்று வாரத்தில் அசையவில்லை என்றால் கிளினிக்குக்குப் போங்கள். பூஞ்சை மயிர்க்காலின் அடியில் உட்கார்ந்திருக்கும், மேலே போடுவது சில சமயம் அங்கே எட்டாது. மருத்துவர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இட்ராகோனசோல் அல்லது ஃப்ளூகோனசோல் மாத்திரை எழுதுவார். வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள் அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. அரிக்கும் சின்னக் கொப்புளமும் வலிக்கும் கட்டியும் ஒரே முதுகில். அப்போது பூஞ்சையை முதலில் அடக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

பட்டை படும் இடத்தில் மட்டும் வருகிறது

படத்தில் தோள்மேல் இரண்டு கோடு தெரிகிறதா? தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் வரும். முதுகில் மாட்டும் மருந்துப் பம்பு தண்ணீர் நிரம்பினால் 15 கிலோவுக்கு மேல் கனக்கும். அந்தப் பட்டை, வியர்வையில் ஊறிய சட்டையோடு சேர்த்து, காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மத்தியானம் வரை தோளை உரசிக்கொண்டே இருக்கும். அழுத்தம், உரசல், சூடு, ஈரம் நான்கும் கூடினால் துளை அடைத்துக்கொள்ளும். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, பெண்களுக்கு உள்ளாடைப் பட்டை, ஜிம்முக்குப் போகிறவர்களுக்குப் படுத்துத் தூக்கும் பெஞ்சு. எல்லாம் ஒரே கதை.

இதற்கு மருந்தைவிட மாற்றம்தான் முக்கியம். பட்டைக்கு அடியில் மடித்த பருத்தித் துணி வையுங்கள், நனைந்ததும் மாற்ற இன்னொன்று பையில் இருக்கட்டும். பாலியெஸ்டர் ஜெர்சியை வேலைக்குப் போடாதீர்கள். உங்கள் கால்பந்து அணி எதுவாக இருந்தாலும் சரி. வேலை முடிந்ததும் குளியுங்கள். நம் ஆண்கள் இரண்டு மணிக்கு வேலை முடித்து, அதே சட்டையோடு கடையில் தே தாரேக் குடித்து, ஊர்க்கதை பேசி, நாலரை மணிக்குத்தான் வீட்டுக்கு வருவார்கள். அந்த இரண்டரை மணி நேரம் முதுகு வியர்வையில் ஊறுகிறது. தேநீரை விட வேண்டாம், காய்ந்த சட்டை ஒன்றை மோட்டாரில் வைத்துக்கொண்டால் போதும்.

செம்பனை ஆலையிலும் லோரிப் பட்டறையிலும் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. கிரீஸும் கருப்பு எண்ணெயும் ஊறிய உடுப்பு தொடும் இடத்திலெல்லாம், தொடையில்கூட, கரும்புள்ளி கரும்புள்ளியாக வரும். அந்த உடுப்பைத் தினமும் துவைக்காமல் எந்த ஜெல்லும் உதவாது. துவைக்கும்போது வீட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள்.

பின்கழுத்திலிருந்து பின்னல் விழும் இடம் வரை

தலைமுடி எண்ணெய், அதற்குப் பிறகு கண்டிஷனர். இரண்டும் வழிந்து முதுகில் தங்குகின்றன. பின்னல் படும் தடத்தில் மட்டும் பரு இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விடச் சொல்ல எனக்கே மனசு வராது. சனிக்கிழமை அப்பாவுக்கு, வெள்ளிக்கிழமை எங்களுக்கு என்று நல்லெண்ணெய் காய்ச்சிய வீட்டில் வளர்ந்தவள் நான். தலையோடு நிறுத்துங்கள், முதுகுக்கு இறக்க வேண்டாம். குளிக்கும் வரிசையையும் மாற்றுங்கள்: முதலில் தலை, கண்டிஷனர் போட்டு அலசி, முடியைத் தூக்கிக் கட்டிவிட்டு, கடைசியில் முதுகைக் கழுவுங்கள். இரவில் எண்ணெய்த் தலையோடு படுப்பவர்கள் முடியைத் துணியால் சுற்றிக்கொள்ளலாம். தலையணை உறையை வாரம் இரண்டு முறை மாற்றுங்கள்.

ஊசி குத்துவது போல முள் முள்ளாக, இரண்டு மூன்று நாளில் மறைகிறது

வேர்க்குரு. வியர்வைக் குழாய் அடைப்பு, பரு அல்ல. காற்றாடிக்கு அடியில் இருங்கள், தளர்ந்த பருத்திச் சட்டை போடுங்கள், குளிர்ந்த தண்ணீரில் குளியுங்கள். பவுடரை மாவு மாதிரி அப்ப வேண்டாம். பெடாக் செஜுக் என்ற குளிர்ச்சி தரும் அரிசிப் பவுடரை மெல்லியதாகப் பூசுபவர்கள் பூசிக்கொள்ளட்டும், இதமாக இருக்கும்.

திடீரென்று வந்தது, ஏதோ மருந்து தொடங்கிய பிறகு

இரண்டு மூன்று வாரத்துக்குள் முதுகு, மார்பு, தோள் எல்லாம் ஒரே மாதிரியான சிவப்புப் பரு கொட்டியது போல வந்தால், அண்மையில் உடம்புக்குள் என்ன போனது என்று யோசியுங்கள். முதல் சந்தேகம் ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்கோ தோல் ஒவ்வாமைக்கோ மருத்துவர் கொடுத்ததாக இருக்கலாம். அது தெரிந்த கணக்கு. தெரியாத கணக்குதான் ஆபத்து: பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய 'எல்லா அரிப்புக்கும்' கிரீம், மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த, ஒரே நாளில் வலியை நிறுத்தும் பாரம்பரிய மாத்திரை. இப்படிப்பட்ட சரக்கில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. பெட்டியில் MAL என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அழகுசாதனப் பொருள் என்றால் NOT என்று தொடங்கும் அறிவிப்பு எண். ஆனால் NOT எண் என்பது விற்பவர் கொடுத்த தகவலைப் பதிந்துகொண்டதற்கு அடையாளம், அரசாங்கம் சோதித்துச் சான்று கொடுத்தது என்று அர்த்தமில்லை.

ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், மனநலத்துக்கான லித்தியம் ஆகியவையும் பருவைக் கிளப்பலாம். இவற்றையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. முதுகுப் பருவுக்காகக் காசநோய் மருந்தைப் பாதியில் விடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல.

ஜிம் தம்பிகளே, தசை பெருக்க நண்பன் போட்டுவிடும் ஊசியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நிறுத்தாமல் என்னிடம் சோப்பு கேட்காதீர்கள். ஊசி இல்லை, வே புரோட்டீன் மட்டும்தான் என்றால், அதை இரண்டு மாதம் நிறுத்திப் பாருங்கள். சிலருக்கு அதிலேயே தெளிகிறது.

பெண்களுக்கு: மாதவிலக்கும் சீராக இல்லை

25 வயதுக்கு மேல் புதிதாக வருகிறது, தாடையிலும் முதுகிலும் சேர்ந்து வருகிறது, மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகிறது, மோவாயில் முடி முளைக்கிறது. இதில் இரண்டு மூன்று பொருந்தினால் கருப்பையில் நீர்க்கட்டி என்று நம்மவர்கள் சொல்லும் பிசிஓஎஸ் இருக்கலாம். உண்மையில் அது கருமுட்டைப் பை சம்பந்தப்பட்டது, சர்க்கரை நோய்க்கும் வழிவிடும். முதுகை மட்டும் கழுவிக்கொண்டிருக்காமல் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். கல்யாணம் ஆகாத பெண்ணை இதற்குக் கூட்டிப்போனால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்ட அம்மாக்கள் உண்டு. ஊர் மருந்து வாங்கித் தராது, அம்மா.

பருவே இல்லாதவை

இவற்றைப் பரு என்று நினைத்து நேரத்தை வீணாக்கக் கூடாது.

காலையில் எழுந்ததும் தோளிலோ கழுத்திலோ கோடு இழுத்தது போலச் சிவந்து, எரிந்து, நடுவில் நீர்க்கொப்புளம் வந்தால் அது சார்லி வண்டு. இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும், எறும்பு மாதிரி ஆரஞ்சும் கருப்புமாக இருக்கும். அது கடிப்பதில்லை, நாம் நசுக்கும்போது அதன் உடம்பில் உள்ள நஞ்சு தோலில் படுகிறது. தோலில் கண்டால் ஊதித் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த இடத்துக்குப் பருமருந்து போட்டால் இன்னும் எரியும்.

முதுகின் ஒரு பக்கத்தில் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டாமல், பட்டையாகக் கொப்புளம் வந்து நெருப்பாக வலித்தால் அக்கி. காவியால் எழுதுவது மனதுக்குத் தெம்பாக இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து எழுதுங்கள். வைரஸ் மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

மருந்துப் பம்பு ஒழுகி முதுகு நனைந்த அன்று எரிச்சலும் சிவப்பும் வந்தால் அது இரசாயனப் புண். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது, அதற்காக மற்ற களைக்கொல்லிகள் பன்னீர் ஆகிவிடாது. நிரை (மர வரிசை) முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே பம்பை இறக்கி, சட்டையைக் கழற்றி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டின்னில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து, தோட்டத்து மருந்தகத்தில் இருக்கும் டிரசரிடம் காட்டுங்கள். வேலையை மேற்பார்க்கும் தண்டல் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பெரிய கட்டி, ஒன்று ஆறினால் இன்னொன்று என்று திரும்பத் திரும்ப வந்தால், முக்கியமாக 40 வயதைத் தாண்டியவர்கள், இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பாருங்கள். முதுகுக் கட்டியைக் காட்ட வந்து சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தவர்களை இந்தக் கவுண்டரிலேயே பார்த்திருக்கிறேன்.

பதின்ம வயதுப் பையனுக்குத் திடீரென்று முதுகு முழுக்கப் பரு புண்ணாக வெடித்து, காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்தால் மருந்துக்கடைக்கு வராதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பரு அடங்கிவிட்டது, கருப்பு போகவில்லை

நம் தோலின் நிறத்துக்கு இது கூடவே வரும் தொல்லை. பரு ஆறிய இடத்தில் தோல் கூடுதலாக நிறமியைச் சேர்த்து வைக்கிறது. அது தழும்பு இல்லை, மங்கும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட. அடாபலீனும் அசெலாயிக் அமிலமும் இதற்கு உதவும். இரண்டாவதைக் கர்ப்பிணிகளும் பயன்படுத்தலாம். கை இல்லாத பனியனோடு வெயிலில் நின்றால் கருப்பு ஊறிவிடும். ஏழு நாளில் வெள்ளையாக்கும் கிரீமைத் தொடாதீர்கள். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் அகப்படுவது இந்த வகைச் சரக்கில்தான்.

தடவிப் பார்த்தால் மேடாக, கெட்டியாக, பரு இருந்த எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தால் அது கெலாய்டு. தோள், மேல்முதுகு, நெஞ்சு இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். வெட்டி எடுத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், வெறுமனே வெட்டினால் முன்பைவிடப் பெரிதாக வளரலாம். மருத்துவர் அதற்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுத் தட்டையாக்குவார், பல தடவை போட வேண்டியிருக்கும். தைப்பூசத்துக்கு முதுகில் கொக்கி மாட்டிக் காவடி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கொக்கி மாட்டும் இடமும் கெலாய்டு வளரும் இடமும் ஒன்று. ஏற்கெனவே ஒரு பரு கெலாய்டு ஆனவர் என்றால் பால்குடமும் முருகனுக்குப் பிரியமானதுதான். சீழ்ப்பரு நிறைந்த முதுகில் யாருமே கொக்கி மாட்டக் கூடாது.

எல்லாம் செய்தேன், போகவில்லை

முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரே மருந்தை 12 வாரம் விடாமல் போட்டீர்களா, மூன்று வாரத்துக்கு ஒன்று மாற்றினீர்களா? நடு முதுகில் மருந்து பட்டதா? தொடக்கத்தில் எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போகவே இல்லை என்று சொன்ன பாதிப் பேருக்குப் படத்தில் போயிருக்கிறது.

சாப்பாடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். டுரியான் சூடு, கோழி சூடு என்பதை நான் சரியென்றோ தவறென்றோ வாதாடப் போவதில்லை. சர்க்கரையை வேகமாக ஏற்றும் சாப்பாடு பருவைக் கூட்டும் என்பதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது. நாளைக்கு நான்கு கிளாஸ் கெட்டிப்பால் தேநீர் குடிப்பவர் இரண்டாகக் குறைத்துப் பார்க்கலாம். பட்டினி கிடப்பதால் முதுகு தெளியாது.

அப்படியும் கட்டி கட்டியாக வருகிறது, தழும்பு விழுகிறது என்றால் 12 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடியுரிமை உள்ளவர்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். அங்கே டாக்சிசைக்ளின் கொடுக்கலாம். அதை நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், தோட்ட வேலைக்காரர்கள் இதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இந்த மாத்திரை காலம் முழுக்கச் சாப்பிடுவதற்கு அல்ல, மூன்று நான்கு மாதத்தோடு நிறுத்திவிடுவார்கள். கூடவே பென்சாயில் பெராக்சைடையும் தொடர வேண்டும்.

அதற்கும் மசியாத பருவுக்குச் சரும நிபுணர் ஐசோட்ரெட்டினோயின் எழுதுவார். எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும் மருந்து, பலருக்கு ஒரே சுற்றில் தீர்ந்துவிடுகிறது. உதடு வெடிக்கும், இரத்தத்தில் கொழுப்பும் கல்லீரலும் பார்க்க வேண்டும். வயிற்றுக் குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். அதனால் சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. அக்காவுக்குக் கொடுத்த மிச்ச மாத்திரையைத் தங்கை எடுத்துச் சாப்பிடுவது, ஆன்லைனில் உதிரியாக வாங்குவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா டியூப், சோப்பு, மாத்திரை, ஜாமு (நாட்டு மூலிகை மருந்து) பாக்கெட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் எடுத்த படமும் போனில் இருக்கட்டும். சுலபமாகக் கழற்றக்கூடிய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அன்று காலை முதுகில் எதையும் பூச வேண்டாம்.

குலை வெட்டும் தம்பி இப்போதும் கடைக்கு வருகிறான். இரண்டு மாதத்துக்கு ஒரு பாட்டில் பொடுகு ஷாம்பு. போன வாரம் தன் கூட்டாளி ஒருவனையும் இழுத்து வந்தான். அந்தப் பையன் தலைவலி மாத்திரை கேட்டுக்கொண்டிருக்கும்போதே இவன் பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னான்: "அக்கா, இவனுக்கும் அரிக்குதாம்."